இலவசமாக வந்த மிக்ஸியும் ஒழுகிய சட்னி ஜாரும்

"ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு சமையல் சேனல் நடத்துகிறேன். 9,000 சப்ஸ்கிரைபர்கள். ஒரு மிக்ஸி கம்பெனி புது மாடலை இலவசமாக அனுப்பி வைக்கிறோம், பிடித்திருந்தால் ஒரு வீடியோ போடுங்கள், கட்டாயம் இல்லை என்கிறார்கள். ஒரு பைசா வாங்கப் போவதில்லை. மனதில் பட்டதைத்தான் சொல்லப் போகிறேன். இதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிக்ஸியை வாங்கலாமா கூடாதா என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. கடைசி மூன்று வரிகளைத் திரும்பப் படித்தால், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: பொய் சொல்லாமல் இருந்தால் போதாதா?

போதாது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன, ஒரு தப்பும் நடந்தது. ஒரு மகளிர் இதழில் வீட்டு உபயோகப் பொருட்கள் பக்கத்தை எட்டு வருடம் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பதினோரு வருடமாகச் சொந்தமாக எழுதுகிறேன். மிக்ஸி, கிரைண்டர், குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, இவ்வளவுதான் என் உலகம். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். வாங்கினால், வாங்கினேன் என்று சொல்லியே ஆக வேண்டும். விளம்பரத் துறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட காவல்காரன் ஒன்று மும்பையில் இருக்கிறது, இந்திய விளம்பரத் தரக் கவுன்சில். தொழிலில் எல்லோரும் 'ஆஸ்கி' என்பார்கள். சமூக ஊடகத்தில் பொருட்களைப் பற்றிப் பேசுகிறவர்களுக்காக 2021 மே மாதம் அது விதிமுறை கொண்டுவந்தது, ஜூன் 14 முதல் நடைமுறை. பணம் மட்டும் அல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், ஓட்டலில் தங்க வைப்பது எல்லாமே கம்பெனிக்கும் உங்களுக்கும் இருக்கும் கொடுக்கல் வாங்கல்தான் என்கிறது அந்த விதி. கேட்காமலே அனுப்பி வைத்ததும் சேர்த்தி. உங்கள் கேள்விக்கு நேராகவே ஒரு வரி அதில் உண்டு: சொல்வது முழுக்க உங்கள் சொந்தக் கருத்தாகவே இருந்தாலும், யாருக்கும் சாயாமல் சொன்னாலும், கொடுக்கல் வாங்கல் இருந்தால் அறிவிக்க வேண்டும். கடையில் காசு கொடுத்து வாங்கிப் பிடித்துப்போய்ப் பேசினால் எந்த அறிவிப்பும் தேவையில்லை.

2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பும் இதையேதான் சொல்கிறது. 'நிபந்தனையோடோ நிபந்தனை இல்லாமலோ கிடைத்த இலவசப் பொருள்' என்பது அதில் தனியாகவே இருக்கிறது. ஆகவே 'கட்டாயம் இல்லை' என்று கம்பெனி சொன்னது உங்களைக் காப்பாற்றாது. இதற்குப் பின்னால் நிற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, அதில் பரிந்து பேசியவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. ஒரு வருடம், மறுமுறை என்றால் மூன்று வருடம் வரை எந்தப் பொருளுக்கும் பரிந்து பேசக் கூடாது என்று தடையும் போடலாம். சொன்ன விஷயம் உண்மையா என்று உரிய அளவு விசாரித்துத்தான் சொன்னேன் என்று காட்டினால் அபராதத்திலிருந்து தப்பிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 'சின்ன சேனல்தானே' என்று விதியில் எங்கும் விலக்கு எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சொல்வது என்பதையும் நொடிக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஆஸ்கி கணக்குப்படி 15 நொடிக்குள் முடியும் வீடியோ என்றால் அறிவிப்பு குறைந்தது 3 நொடி திரையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. 2 நிமிடத்தைத் தாண்டினால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும். எழுத்தில் என்றால் முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. ஆங்கிலத்திலும் போடலாம் என்று ஆஸ்கி விதியில் அனுமதி இருக்கிறது. ஆனால் உங்கள் வீடியோவைப் பார்ப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் பொடி எழுத்தில் 'பார்ட்னர்ஷிப்' என்று போட்டால் பவானியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு அதில் என்ன புரியும்? "இந்த மிக்ஸியை கம்பெனிக்காரங்க எனக்குச் சும்மா கொடுத்தாங்க" என்று வாய்திறந்து சொன்னால் வேலை முடிந்தது. நாலு நொடி ஆகும்.

அடுத்தது, தப்பா சரியா என்று யோசிக்கவே வேண்டாத ரகம். உங்களுக்கு வந்தது அது இல்லை என்றாலும், இன்று இல்லாவிட்டால் நாளை வரும். டெலிகிராமிலும் வாட்ஸப்பிலும் 'ரிவியூ டீல்' குரூப்கள் இருக்கின்றன. நடுவில் ஒருவர் இருப்பார், அவர் பெயர் 'மீடியேட்டர்'. நாம் நம் காசில் ஆர்டர் போட வேண்டும். பொருள் வந்ததும் ஐந்து நட்சத்திரம், இரண்டு போட்டோ, நாலு வரி. விமர்சனம் தளத்தில் ஏறியதும் ஸ்கிரீன்ஷாட்டை 'ரீஃபண்ட் ஃபார்ம்' என்ற படிவத்தில் ஏற்ற வேண்டும். சில நாளில் ஜிபேயில் முழுப் பணமும் திரும்பி வரும். சிலவற்றில் '100 லெஸ்', அதாவது நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி. இதில் சூட்சுமம் என்னவென்றால் பணம் உண்மையாகவே கட்டியிருப்பதால் 'வாங்கியது உறுதி' என்ற முத்திரை விமர்சனத்தின் மேல் விழுந்துவிடுகிறது. அந்த முத்திரையை நம்பித்தான் அடுத்தவர் வாங்குகிறார். மீடியேட்டர் ஒரு நாள் குரூப்பைக் கலைத்துவிட்டு ஓடிவிட்டால் போய் முறையிடவும் இடமில்லை. முறையிடப் போனால் முதலில் நம் களவை நாமே சொல்ல வேண்டியிருக்கும்.

பெட்டிக்குள் வரும் சின்ன அட்டையும் இதே சாதிதான். 'ஐந்து நட்சத்திரம் கொடுத்து இந்த எண்ணுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக்.' பில் கொண்டுவரும்போது "மேடம், கூகுள்ல ஒரு ரிவியூ போட்டுருங்க, ஐஸ்கிரீம் நம்ம செலவு" என்று சிரிக்கும் ஓட்டல்காரரும் அந்தப் பக்கம்தான். இலவசமோ தள்ளுபடியோ கொடுத்து எழுத வைத்த விமர்சனத்தை கூகுள் வரைபடத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி, இன்ன மாதிரிதான் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு விமர்சனத்துக்குக் கூலி கொடுப்பதையே தடை செய்துவிட்டது. இங்கே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. கட்டாயம் இல்லை, விரும்பிய தளங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அதை விட்டார்கள். இந்த ரகத்தைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவும் இல்லை.

இனி உங்கள் ரகத்துக்கு வருகிறேன். நிபந்தனை இல்லை, காசு இல்லை, பொய்யும் இல்லை. எனக்கும் சரியாக இப்படித்தான் ஒன்று வந்தது. இதழை விட்டு வெளியே வந்து தனியாக எழுத ஆரம்பித்த புதிது. 750 வாட்ஸ், மூன்று ஜார், பளபளவென்று சிவப்பு நிறம். அனுப்பிய கம்பெனியின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்து பேசிய தம்பி அவ்வளவு மரியாதையானவர். "அக்கா, நீங்க என்ன எழுதினாலும் எங்களுக்கு ஓகேக்கா" என்றார். என் பையன் பிறந்தநாளுக்கு நினைவு வைத்து வாழ்த்து அனுப்பினார். விமர்சனம் எப்போது வரும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன். காய்ந்த மிளகாய் நன்றாகப் பொடிந்தது. உளுந்து வடைக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தபோதும் மோட்டார் திணறவில்லை, பாரம் கூடினால் மோட்டாரை நிறுத்திவிடும் அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் ஒரு தடவைகூட வெளியே தள்ளவில்லை. சட்னி ஜாரில்தான் ஒரு குறை. மூடியின் ரப்பர் வாஷர் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. தேங்காய்ச் சட்னி அரைத்தால் ஓரத்தில் கசிந்து மிக்ஸியின் தோளில் வெள்ளையாக வழியும். குறிப்பேட்டில் அன்றே எழுதினேன்: 'சட்னி ஜார் மூடி ஓரத்தில் கசிகிறது.' கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அந்த வரி, 'தண்ணீர் சற்று அதிகமானால் சட்னி ஜாரில் லேசாகக் கசிய வாய்ப்பு உண்டு' என்று ஆனது. இரண்டாம் முறை திருத்தும்போது, 'சட்னி ஜாரில் தண்ணீரைக் குறைவாக ஊற்றி அரைத்தால் நல்ல பதத்தில் கிடைக்கும்' என்று ஆகிவிட்டது.

கடைசி வரியைப் பாருங்கள். அதில் பொய் எங்கே இருக்கிறது? தண்ணீரைக் குறைத்தால் சட்னி நல்ல பதத்தில்தான் கிடைக்கும். ஆனால் ஒரு குறை, சமையல் குறிப்பாக வேஷம் மாறிவிட்டது. யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. மாற்றுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. எழுத்தைச் செம்மைப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துத் திருமங்கலத்திலிருந்து பெரியம்மா போன் செய்தார். "என்னத்தா, நீ எழுதுனதப் பாத்துத்தான இந்த மிக்ஸிய வாங்குனேன். சட்னி சாரு ஒழுகுதே?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தண்ணிய கொஞ்சம் கம்மியா ஊத்தி அரைங்க பெரியம்மா" என்றேன். கஸ்டமர் கேர்காரர் சொல்வது போலவே, ஒரு நொடி யோசிக்காமல். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாப்பது வருசமா சட்னி அரைக்கிறேன்த்தா" என்று மட்டும் சொன்னார். எனக்கு இலவசமாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் கட்டுரையில் எழுதவில்லை. அப்போது யாரும் எழுதுவதில்லை என்பது உண்மைதான், அதைச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

ஏன் இப்படி நடக்கிறது என்று நமக்கு வெளியிலிருந்து யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒருவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்து அந்தக் காபி மட்டம் என்று பேசுவதை அசிங்கமாக நினைக்கும் ஊர் இது. நன்றியுணர்ச்சி நல்ல குணம்தான். அதே குணத்தோடு விமர்சனம் எழுத உட்கார்ந்தால் வாஷர் கசிவது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். எங்கள் மதுரைப் பக்கத்து மொய்யை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் 500 வைத்தால் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும், மைக்கிலும் சொல்வார்கள். அது அன்பளிப்பு என்று பெயர், ஆனால் திருப்பி வைக்க வேண்டிய கடன் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இலவச மிக்ஸியும் மொய்தான். மைக்கில் சொல்லாத மொய்.

அப்படியென்றால் மைக்கில் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் சட்டமும் நானும் கொஞ்சம் பிரிகிறோம். மொய்யை மைக்கில் சொன்னதால் கடன் அடைந்துவிடுவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கடன் ஆகிறது, அவ்வளவுதான். 2005இல் டேலியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறையச் சில்லறைக் காசு. ஒருவர் அதைத் தள்ளி நின்று சற்று நேரம் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வேண்டும். ஜாடியைக் கிட்டத்தில் பார்த்த இன்னொருவர் அவருக்கு யோசனை சொல்வார். யோசனை சொல்கிறவருக்கு, மதிப்பீடு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு காசு. அதாவது ஏற்றிச் சொன்னால் அவருக்கு லாபம். இந்த ஏற்பாட்டைக் கேட்பவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டபோது என்ன ஆனது? யோசனை சொன்னவர்கள் முன்னைவிட இன்னும் ஏற்றிச் சொன்னார்கள். 'அதான் சொல்லியாச்சே' என்ற தெம்பு. கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் கழிக்க வேண்டிய அளவு கழிக்கவில்லை. ஒரு சோதனையை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதுதான். நான் பார்த்த உலகத்தோடு அது பொருந்துகிறது.

கடை வீதியிலும் இதே கதைதான். 2016 வரைக்கும் அமேசானில் ஒரு வாக்கியம் மந்திரம் போல எங்கும் இருக்கும்: 'நேர்மையான, பாரபட்சமற்ற விமர்சனத்துக்குப் பதிலாக இந்தப் பொருளை இலவசமாகப் பெற்றேன்.' வெளிப்படையாகத்தானே சொன்னார்கள்? அந்த ஆண்டு ரிவியூமெட்டா என்ற தளம் சுமார் 70 லட்சம் விமர்சனங்களை அலசிப் பார்த்தது. இப்படி எழுதியவர்கள் கொடுத்த சராசரி 4.74 நட்சத்திரம், காசு கொடுத்து வாங்கியவர்கள் கொடுத்தது 4.36. ஐந்துக்குள் அடங்கும் கணக்கில் இது பெரிய இடைவெளி. 2016 அக்டோபர் 3 அன்று அமேசான் இந்த வழக்கத்தையே நிறுத்தியது. 2007 முதல் தானே நடத்திவரும் 'வைன்' திட்டத்தை மட்டும் விட்டு வைத்தது. அதில் பொருள் யாருக்குப் போக வேண்டும் என்பதை விற்பவர் தேர்ந்தெடுப்பதில்லை. மொய் வைத்தவரும் வாங்கியவரும் முகம் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் யோக்கியர்களாகவே இருந்தாலும் கூட்டமாகப் பார்க்கும்போது சாய்வு வந்துவிடும் என்பது இதில் பலருக்கும் பிடிபடாத விஷயம். கம்பெனிக்காரர் யாரையும் மிரட்டுவதில்லை. குறை எழுதியவரின் பெயர் அடுத்த பட்டியலில் இருக்காது, அவ்வளவுதான். இரண்டு மூன்று சுற்று முடிந்தால் எதிலும் பெரிய குறை தெரியாத கண் உள்ளவர்கள்தான் பட்டியலில் மிஞ்சுவார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லாமலே திரை முழுக்கப் பாராட்டாக நிரம்பிவிடும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். இலவசமாக வந்த பொருளுக்கு விலை தெரியாது. விலைச் சீட்டில் எண் இருக்கும், நான் சொல்வது வலியை. பெட்டியில் 7,995 என்று அச்சடித்து 3,999க்கு விற்கும் மிக்ஸியை ஒருத்தி தீபாவளி போனஸில் வாங்குகிறாள் என்றால், சட்னி ஜார் கசிவது அவளுக்கு 3,999 ரூபாயில் விழுந்த ஓட்டை. சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறிப் போக வேண்டும், அரை நாள் சம்பளம் போகும், 'வாஷர் வாரண்டியில் வராது மேடம்' என்று கேட்க வேண்டும். எனக்கு அது வேறு ஜாரில் அரைத்துக்கொண்டால் தீர்கிற சின்னத் தொல்லை. நான் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அவள் வலி எனக்கு வராது. அதனால்தான் இலவசமாக வந்த எதைப் பற்றியும் 'கொடுத்த காசுக்கு ஏற்ற பொருள்' என்று எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் சூடாகிறது, கசிகிறதா, ஜாரைக் கழற்ற இரண்டு கை வேண்டுமா என்றெல்லாம் சொல்லலாம். காசுக்குத் தகுமா என்று சொல்ல, காசு கொடுத்தவருக்குத்தான் அருகதை.

கால அளவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மிக்ஸியின் வியாதிகள் முதல் வாரத்தில் வெளிப்படுவதில்லை. முதல் வாரத்தில் வருவது மோட்டாரின் வார்னிஷ் வாசனைதான், அது வியாதியே இல்லை. மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்வதும், பிளேடைத் தாங்கும் புஷ் தளர்ந்து ஜாருக்கு அடியில் கருப்பாகத் தண்ணீர் இறங்குவதும் மாதக் கணக்கில் நடப்பவை. கம்பெனிக்கு வேண்டியதோ புது மாடல் கடைக்கு வரும் வாரத்தில் வீடியோ. எங்கள் தெருவில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நான் நாலு நாள் அரைத்துத் தெரிந்துகொண்டதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம். எந்த மாடலின் கப்ளர் அவர் டப்பாவில் அதிகம் கிடக்கிறது என்று பார்த்தாலே போதும். அவருக்கு யாரும் மிக்ஸி இலவசமாக அனுப்புவதில்லை.

சந்தேகமாகவே நிற்கும் இடங்களும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று தமிழ்ப் பத்திரிகைகள் காலங்காலமாகப் போட்டுவந்தன, யாரும் அதை லஞ்சம் என்று சொன்னதில்லை. வந்த புத்தகங்களின் பட்டியல் 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பில் வெளியாகும். யோசித்தால் அதுவும் மைக்கில் சொன்ன மொய்தான். பிரதி போனது பத்திரிகைக்கு, எழுதியது வேறொருவர், புத்தகம் 150 ரூபாய், கிழித்துத் தொங்கவிட்ட மதிப்புரைகளும் வந்தன. அப்படியானால் விலைதான் எல்லைக்கோடா? 150க்கு ஓகே, 4,000க்குக் கூடாது என்றால் கோடு எங்கே? என்னால் அந்த எண்ணைச் சொல்ல முடியவில்லை. பொருள் யார் கைக்கு வருகிறது, நிறுத்திவிட்டால் யாருக்கு நஷ்டம் என்பதில்தான் கோடு இருப்பதாக இப்போதைக்கு நினைக்கிறேன்.

இன்னும் கஷ்டமானது வீட்டிலிருந்து பொடி, ஊறுகாய் விற்கும் பெண்கள் அனுப்புவது. ஒரு அம்மா கால் கிலோ பருப்புப் பொடியை நெய் வாசனையோடு பொட்டலம் கட்டி, கைப்பட ஒரு கடிதமும் வைத்து அனுப்பியிருந்தார். பொடியில் உப்பு தூக்கல். எழுதினால் அவர் வியாபாரம் அடிபடும், எழுதாவிட்டால் வாங்குகிறவருக்குத் தெரியாது. பெரிய கம்பெனியிடம் காட்டும் கறாரை அவரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பொடிக்கான காசை ஜிபேயில் அனுப்பிவிட்டு, உப்பு விஷயத்தை அவரிடமே சொன்னேன், எங்கும் எழுதவில்லை. சரியாகச் செய்தேனா என்று இன்றும் தெரியவில்லை. வாசகருக்குக் கடமைப்பட்டவள் என்று மேலே அவ்வளவு எழுதிவிட்டு இங்கே வாயை மூடிக்கொண்டேன் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும் சொந்தக் காசில் வாங்கு என்று சொல்வது சுலபம். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அப்படித்தான் செய்கிறது, சாதாரண வாடிக்கையாளர் போலக் கடையில் வாங்கிச் சோதிக்கிறது, விளம்பரமும் வாங்குவதில்லை. அதற்குப் பின்னால் சந்தா கட்டும் கூட்டம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அது இல்லை. வருடத்தில் நாலு மிக்ஸி வாங்கினாலே 16,000 ரூபாய். நான் இப்போது செய்வது இதுதான்: தெரிந்தவர்கள் வாங்கியதை ஒரு வாரம் இரவல் கேட்பேன், அதுவும் மூன்று நாலு மாதம் ஓடியதாகப் பார்த்து. ரொம்பத் தேவை என்றால் வாங்கிச் சோதித்துவிட்டுக் கொஞ்சம் நஷ்டத்தில் விற்றுவிடுவேன். கம்பெனி அனுப்புகிறேன் என்றால் திருப்பித் தருவதாக இருந்தால் மட்டும் வாங்குவேன்.

திருப்பித் தருவதில் ஒரு வேடிக்கையான ஆதாயமும் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் வருமான வரியில் 194ஆர் என்று ஒரு பிரிவு வந்தது. தொழில் தொடர்பாக ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். சமூக ஊடகத்தில் பேசுவதற்காகக் கொடுத்த பொருளைப் பற்றி அந்த ஆண்டு ஜூன் சுற்றறிக்கையில் விளக்கமே கொடுத்தார்கள்: பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது ஆதாயம் அல்ல, வைத்துக்கொண்டால் ஆதாயம். மிக்ஸி 20,000க்குள்தான் இருக்கும், ஆனால் அதனாலேயே உங்கள் வருமானக் கணக்கில் வராது என்று அர்த்தம் இல்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால் கூலி, திருப்பிக் கொடுத்தால் இரவல் என்று வரி அலுவலகம் போட்ட கோடு, நெறி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் போட்ட கோட்டைவிட எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே உங்கள் மிக்ஸிக்கு வருவோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சுலபம். வாங்குவதென்றால் அவர்களுக்கு இப்படி ஒரு மெயில் போடுங்கள்: 'மிக்ஸியை 90 நாள் பயன்படுத்திவிட்டுத் திருப்பி அனுப்புவேன், கூரியர் செலவு உங்களுடையது. வீடியோ போடுவதும் போடாததும் என் முடிவு. போட்டால் நீங்கள் அனுப்பியது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்வேன். வெளியிடும் முன் உங்களுக்குக் காட்டமாட்டேன். குறை இருந்தால் குறை என்றே வரும்.' இதைப் போட்ட பிறகு பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள், என் அனுபவம் அது. 'பட்ஜெட் முடிந்துவிட்டது மேடம்' என்று சிலர் மரியாதையாக நழுவுவார்கள். அந்த மௌனத்திலேயே 'கட்டாயம் இல்லை' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும். சரி என்று அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொருள் பெரும்பாலும் மோசமாக இருப்பதில்லை.

வந்துவிட்டால், முதல் நாள் குறிப்பை அன்றைக்கே கையால் எழுதித் தேதி போட்டு வையுங்கள். வீடியோ எடுக்கும்போது அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் பேசுவதும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். 'கசிகிறது' என்று எழுதியது 'தண்ணீர் குறைவாக ஊற்றுங்கள்' என்று மாறியிருந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பவும் எடுங்கள். அப்புறம், அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். ஜாரோடு இருக்கும் மிக்ஸியை அது இல்லாமல் கூரியர்காரர் எடுக்கமாட்டார், மூன்று மாதம் கழித்து அதைத் தேடி நான் பழைய பேப்பர் கடைவரைக்கும் போயிருக்கிறேன்.